படுக்க மறுத்த ராஜா

விஜயதசமி இரவில் கொலுப்படியில் இருக்கும் பொம்மைகளில் ஏதேனும் ஒன்றைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் மற்றவற்றை எடுத்துப் பெட்டியில் அடுக்குவது பல வீடுகளில் இன்றும் இருக்கும் வழக்கம். அப்படிப் படுக்க வைக்கக் கையில் எடுத்தது ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகக் கதை தேடிக்கொண்டிருந்த நாளில் எங்களில் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து நிற்கும் ஒரு ராஜா பொம்மை, பக்கத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கும் மரப்பாச்சிகளைப் பார்த்து ஏங்குகிறது. தானும் ஒரு முறையாவது படுத்துத் தூங்க வேண்டும் என்று இரவெல்லாம் முயல்கிறது. கதை இவ்வளவுதான். வசனம் இல்லை. ஒன்றரை நிமிடம் ஓடினால் போதும் என்று முடிவு செய்து, ஸ்டாப் மோஷன் முறையில் எடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். ஓரிடத்தில் அசையாமல் நிற்கவே தெரியாத ஒரு பொம்மையை, ஒவ்வொரு படத்துக்கும் துளியும் அசையாமல் நிறுத்தியாக வேண்டிய ஒரு முறையில் எடுக்கப்போகிறோம் என்பது அப்போது எங்கள் மூவருக்கும் உறைக்கவில்லை.

ஸ்டாப் மோஷன் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொம்மையை ஒரு நிலையில் வைத்து ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். பிறகு சில மில்லிமீட்டர் நகர்த்தி இன்னொன்று எடுக்க வேண்டும். இப்படி எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே நகர்வதுபோலத் தெரியும். திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகிறது என்றாலும், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படங்கள் போதும். 90 விநாடிகளுக்கு 1,080 படங்கள். ஒரு நாளைக்கு 100 படங்கள் எடுத்தால் பதினோரு நாள்களில் முடிந்துவிடும் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தோம். உண்மையில் 17 நாள்கள் ஆயின. எடுத்தவை 1,412 படங்கள், படத்தில் இருப்பவை 1,128.

பொம்மையை வாங்கத் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் சென்றோம். தலையாட்டி பொம்மை என்ற பெயரில் இரண்டு வகைகள் உண்டு. தலையும் உடலும் தனித்தனியாகக் கம்பியில் நின்று ஆடும் நடனப் பெண் ஒரு வகை. உருண்டையான அடிப்பாகத்தில் களிமண் எடை வைத்து, மேற்பாகத்தைக் காகிதக் கூழால் இலேசாகச் செய்த ராஜா, ராணி இன்னொரு வகை. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. எதற்கென்று தெரியாமலேயே, ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று ஒரே அச்சில் செய்த இரண்டு ராஜாக்களை வாங்கினோம். பிற்பாடு அந்த முன்யோசனைதான் படத்தைக் காப்பாற்றியது.

படப்பிடிப்பு நடந்த இடம், ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்ட தோழியின் பாட்டி வீடு. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறை, மொசைக் தரை, கிழக்கே ஒரு ஜன்னல். பொங்கலுக்கு முந்தைய வாரம் சோதனைப் படம் எடுக்கத் தொடங்கினோம். ராஜாவைச் சற்றுச் சாய்த்து, அடியில் காய்ந்து போகாத எண்ணெய்க் களிமண்ணை முட்டுக்கொடுத்து ஒரு படம். களிமண்ணை எடுத்து, இன்னும் சற்றுச் சாய்த்து, மீண்டும் முட்டுக்கொடுத்து அடுத்த படம். கையை எடுத்த மறுகணமே அடியில் இருந்த எடை களிமண்ணை மெல்ல நசுக்கிக்கொண்டு ராஜாவை நிமிர்த்தியது. ஷட்டர் திறந்திருக்கும் அரை விநாடிக்குள்ளேயே அவர் நகர்ந்தார். இரண்டு மணி நேரத்தில் 40 படங்கள் எடுத்து ஓட்டிப் பார்த்தபோது, தூக்கம் வராமல் தவிக்கும் ராஜாவுக்குப் பதிலாகக் குளிர்காய்ச்சலில் நடுங்கும் ராஜா ஒருவர் திரையில் இருந்தார். கூடவே முட்டுக்கொடுத்த களிமண்ணும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு வடிவில் எட்டிப் பார்த்தது.

எனவே ஒரு ராஜாவை அறுக்க வேண்டியதாயிற்று. இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடால் அடிப்பாகத்தின் பின்புறத்தைச் சுற்றி அறுத்து ஒரு மூடியைப் போல எடுத்தோம். உள்ளே உள்ளங்கை நிறையக் காய்ந்த களிமண் கட்டி. அதை உளியால் தட்டித் தட்டி எடுத்ததும் பொம்மை வெறும் ஓடாகிவிட்டது. எடை போனால் எழுந்து நிற்கும் குணமும் போய்விடும். இனி அதை எந்தக் கோணத்திலும் நிறுத்த ஒரு பிடிமானம் இருந்தால் போதும். அந்தப் பிடிமானத்தை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு முழு நாள் போயிற்று.

அதற்கு விடை பள்ளிக்கூடக் கணிதத்தில் இருந்தது. பொம்மையின் அடி ஏறக்குறைய அரைக்கோளம்; ஆரம் 5 சென்டிமீட்டர். ஒரு பந்து தரையில் உருளும்போது அதன் மேற்பரப்பில் உள்ள மற்றப் புள்ளிகள் மேலும் கீழும் போகும், மையமும் அதன் வழியே செல்லும் சுழல் அச்சும் மட்டும் தரையிலிருந்து எப்போதும் ஒரே உயரத்தில் பக்கவாட்டில் நகரும். அப்படியானால் பொம்மையின் முதுகுப்பக்கத்தில், தரையிலிருந்து சரியாக 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு போல்ட்டைப் பொருத்தி, அதை ஒரு சிறு மரக்கட்டையில் நுழைத்து, கையாலேயே திருகக்கூடிய விங் நட் போட்டு இறுக்கினால், கட்டையைத் தரையோடு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போல்ட்டைத் திருப்பலாம். எந்தச் சாய்விலும் பொம்மையின் அடி தரையைத் தொட்டபடியே இருக்கும். அறுத்த மூடியை எம்-சீல் வைத்து மீண்டும் ஒட்டி, அதன் நடுவில் கால் அங்குல போல்ட்டைப் பதித்தோம். கட்டை 3 சென்டிமீட்டர் அகலம். முன்னாலிருந்து பார்த்தால் பொம்மையின் அடிப்பாகத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். மறையாதது அதன் கீழ்மூலைகள் இரண்டு மட்டுமே. வட்டம் தரையைத் தொடும் இடத்தில் வளைந்து மேலேறுவதால், கட்டையின் மூலைகள் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் அளவுக்கு இரு பக்கமும் தெரிந்தன. அரத்தால் தேய்த்து மூலைகளை உருட்டி, படியில் விரித்திருந்த சிவப்புத் துணியின் நிறத்தையே அடித்தோம். படம் பார்த்தவர்களில் இதுவரை எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பிடிமானம் கிடைத்த மகிழ்ச்சியில் கட்டையை நகர்த்த வேண்டும் என்பதையே முதல் நாள் மறந்துவிட்டேன். கட்டையை ஓரிடத்தில் வைத்து போல்ட்டை மட்டும் திருப்பித் திருப்பி எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் ராஜா ஆடினார், ஆனால் எண்ணெய் தடவிய தரையில் ஆடுவதுபோல இருந்தது. அடி உருளவில்லை, வழுக்கியது. உருளும் பொருள் சாயும் கோணத்துக்கு ஏற்ப இடமும் மாற வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆரத்துக்கு ஒரு டிகிரி சாய்ந்தால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நகர வேண்டும்; 30 டிகிரிக்கு 2.6 சென்டிமீட்டர். கட்டைக்குப் பின்னால் ஒரு இரும்பு ஸ்கேலைப் படியோடு ஒட்டி, போல்ட்டின் பின்முனையில் காகிதக் கோணமானி ஒன்றைப் பொருத்தி, இரண்டையும் பார்த்துப் பார்த்து நகர்த்தத் தொடங்கிய பிறகுதான் ராஜாவுக்கு உடல் எடை வந்தது. எடையை வெட்டி எடுத்துவிட்டு, எடை இருப்பதாகக் காட்டுவதற்கு இத்தனை பாடு.

அடுத்த தவறு நேரத்தில் நடந்தது. ராஜா படுக்க முயன்று எழும்போது இடமும் வலமுமாக ஆடி மெல்ல அடங்க வேண்டும். ஆட்டம் சிறியதாக ஆக, அதற்கான படங்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டே வந்தேன். சிறிய தூரத்தைக் கடக்கக் குறைந்த நேரம் போதும் என்பது என் எண்ணம். அது பொம்மை ஆட்டமாக இல்லை, பம்பரம் தள்ளாடி விழுவதைப் போல இருந்தது. அறுக்காமல் வைத்திருந்த இரண்டாவது ராஜாவை மேசையில் வைத்து, 30 டிகிரி சாய்த்து விட்டு, கைப்பேசியில் விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் எடுத்து எண்ணிப் பார்த்தோம். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 60 ஃபிரேம்கள், அதாவது ஒரு விநாடி. சாய்வு 30 டிகிரியிலிருந்து 22, 16, 12, 9 என்று குறைந்துகொண்டே போனாலும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆகும் நேரம் அநேகமாக மாறவே இல்லை. ஊசல் எவ்வளவு குறைவாக ஆடினாலும் அதன் அலைவு நேரம் மாறாது என்று பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு நானே எழுதிய பாடம்தான். தேர்வுக்குப் பிறகு அது எனக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் இது.

ஆகவே ஓர் ஆட்டத்துக்கு 12 படங்கள் என்று நிலையாக வைத்துக்கொண்டு ஓர் அட்டவணை தயாரித்தோம். முதல் ஆட்டத்தில் 30 டிகிரியில் தொடங்கி 26, 15, 0 என்று வந்து, மறுபக்கம் 13, 22, 26 என்று போகும். முனைகளில் நான்கு டிகிரிதான் வித்தியாசம், நடுவில் பதினைந்து. பொம்மை திரும்பும் இடத்தில் தயங்கி, நடுவில் விரைவது இந்த இடைவெளிகளால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரே படத்தில் 15 டிகிரி தாவும் இடத்தில் கண் உறுத்தியது. நிஜப் படப்பிடிப்பில் வேகமாக நகரும் பொருள் சற்றுக் கலங்கலாகப் பதியும். அசையாப் பொம்மையை எடுக்கும்போது ஒவ்வொரு படமும் கத்திவெட்டாக இருப்பதால் அந்தத் துள்ளல் வந்துவிடுகிறது. 1981இல் வெளிவந்த டிராகன்ஸ்லேயர் என்ற அமெரிக்கப் படத்துக்காக, ஷட்டர் திறந்திருக்கும்போதே இயந்திரங்களைக் கொண்டு பொம்மையை அசைத்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள். கோ மோஷன் என்று அதற்குப் பெயர். எங்களிடம் இருந்த இயந்திரம் ஒரு தையல் நூல். கட்டையில் அதைக் கட்டி, அரை விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது நண்பன் அரை சென்டிமீட்டர் இழுப்பான். பத்தில் ஏழு முறை வீணாகும். முதல் ஆட்டத்தின் நடுப்பகுதி ஃபிரேம்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, மற்ற இடங்களில் துள்ளல் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அறையைத் தயார் செய்வதில் எல்லாரும் எச்சரிக்கும் விஷயம் வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும். 12 படம் எடுப்பதற்கே அரை மணி நேரம் ஆகும் எங்கள் வேலைக்கு அது ஆகாது. ஜன்னலில் கறுப்பு சார்ட் காகிதத்தை ஒட்டி, இரண்டு எல்இடி விளக்குகளை மட்டும் வைத்துக்கொண்டோம். கேமராவில் ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 100, ஷட்டர் அரை விநாடி, நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலை, குவியம் எல்லாவற்றையும் கையால் நிலைநிறுத்தித் தானியங்கி வசதிகள் அனைத்தையும் நிறுத்தினோம். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாம் நாள் எடுத்த காட்சியில் ராஜாவின் கன்னம் 60 படங்களுக்கு மஞ்சளாக இருந்தது. விளக்கைச் சோதித்தோம், கேமராவைச் சோதித்தோம்; காரணம் பக்கத்தில் நின்ற தோழியின் மஞ்சள் சுடிதார். பொம்மையின் பளபளப்பான வண்ணப்பூச்சு எதையும் வாங்கிப் பிரதிபலித்துவிடும். மறுநாள் முதல் மூவரும் கறுப்பு உடையில் வந்தோம். “என்னப்பா, மூணு பேரும் மாலை போட்டுண்டிருக்கேளா?” என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு மட்டும் வெங்காயம் இல்லாமல் உப்புமா செய்து அனுப்பினார் பாட்டி. மின்விசிறியைப் போட முடியாது, ஏனென்றால் படியில் விரித்த துணி படபடக்கும். ஜனவரியாக இருந்ததால் தப்பித்தோம்.

மஞ்சள் போன பிறகு மினுமினுப்பு எஞ்சியது. காட்சியை ஓட்டினால் பழைய குழல்விளக்கைப் போல வெளிச்சம் விட்டுவிட்டு மங்கியது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இருக்கும் என்று ஒரு ஸ்டெபிலைசரைக் கடன் வாங்கி வந்து இரண்டு நாள்களை வீணாக்கினோம். குற்றவாளி லென்ஸ். இப்போதைய லென்ஸ்களில் ஒளி நுழையும் துளையின் அளவைக் கேமராவே மின்சாரத்தால் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு படத்துக்கும் எஃப் 8 அளவுக்கு மூடித் திறக்கும்போது இம்மியளவு கூடிக் குறைந்து மூடும். தனிப் புகைப்படத்தில் அது தெரியாது, வரிசையாக ஓட்டினால் கண்ணைக் குத்தும். கேனான் கேமராவில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. துளையை மூடிக் காட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே லென்ஸைச் சிறிது திருகினால், மின் தொடர்பு அறுந்து, துளை மூடிய நிலையிலேயே நின்றுவிடும். திரையில் எஃப் 00 என்று காட்டும். லென்ஸ் அரைகுறையாக மாட்டியிருப்பதால் கழன்று விழாமல் டேப் போட்டு ஒட்டினோம். கல்லூரிக் கேமரா என்பதால் அந்த டேப்பைத் தோழி தினமும் காலையில் வந்தவுடன் தொட்டுப் பார்ப்பார். மினுமினுப்பு அன்றோடு நின்றது.

ராஜாவின் கண்கள் வரைந்தவை. மூடித் திறக்க வழியில்லை. டிராயிங் காகிதத்தில் முகத்தின் நிறத்தைக் கலந்து தீட்டி, நகத்தளவு இமைகளை வெட்டினோம்: பாதி மூடியவை ஒரு ஜோடி, முழுவதும் மூடியவை ஒரு ஜோடி. வாஸ்லினைத் துளி தொட்டு ஒட்டினால் நிற்கும், இழுத்தால் வரும். பாதி இமை ஒரு படம், முழு இமை இரண்டு படங்கள், மீண்டும் பாதி இமை ஒரு படம். இதுதான் ஒரு கண்சிமிட்டல். முகம் பளபளக்க, இமை மட்டும் மங்கலாக இருந்ததால் மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டியிருந்தது. இடுக்கியால் இமையை ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்; பொம்மை அசைந்தால் அந்தக் காட்சியே போயிற்று. மரப்பாச்சிகள் இரண்டும் பாட்டியின் கல்யாணத்துக்கு வந்த செஞ்சந்தனப் பொம்மைகள் என்பதால் அவற்றின் மேல் எதையும் ஒட்டவில்லை. அவை அசையாமல் படுத்திருந்தன. படத்தில் அவைதான் சிறந்த நடிகர்கள்.

நாளாக ஆக வேலை ஒரு தாளத்துக்கு வந்தது. முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வெங்காயத்தோல் வசதி மென்பொருளில் இருந்ததால், எவ்வளவு நகர்த்தினோம் என்பது உடனே தெரிந்தது. நான் நகர்த்துவேன், தோழி எண்ணைச் சொல்லிப் படம் எடுப்பார், நண்பன் குறிப்பேட்டில் டிக் போடுவான். தாதாசாகேப் பால்கே திரைப்படத்துக்குள் வரும் முன்பு ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாளுக்கு ஒரு ஃபிரேமாக எடுத்துக் காட்டினார் என்று படித்ததைச் சொன்னபோது, பட்டாணி தானாக வளர்ந்தது, நமக்கு அந்தச் சௌகரியம் இல்லையே என்று நண்பன் அலுத்துக்கொண்டான். ஒன்பதாம் நாள், ஒரு காட்சியின் நடுவில் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றிப் போட்டபோது ட்ரைபாட் மயிரிழை நகர்ந்து, 74ஆவது படத்திலிருந்து கொலுப்படி முழுவதும் ஒரு பக்கமாகத் துள்ளியது. கணினியில் ஒவ்வொரு படமாக இழுத்துப் பொருத்த ஓர் இரவு ஆயிற்று. மறுநாள் முதல் காட்சியின் தொடக்கத்திலேயே புது பேட்டரி, ட்ரைபாட்டின் மூன்று கால்களையும் சுற்றித் தரையில் டேப்.

கடைசிக் காட்சியை எழுதும்போது மிக எளிதாகத் தெரிந்தது. விடிந்ததும் ஒரு கை வந்து ராஜாவைப் பழைய வேட்டித்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கோல் நடுவே வைக்கிறது. சுற்றிலும் இடமில்லாததால் ராஜாவால் எழ முடியவில்லை, முதல் முறையாகப் படுத்துக் கண்ணை மூடுகிறார். துணியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துவது எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. வேட்டி மென்மையானது, விட்ட இடத்தில் நிற்காமல் மெல்லச் சரிந்துகொண்டே இருக்கும். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை எடுத்து, இரண்டு துண்டு வேட்டிகளுக்கு நடுவில் வைத்துப் பசை தடவி ஒட்டினோம். அதன் பிறகு மடித்த மடிப்பு மடித்தபடியே நின்றது. கையாக நடித்தவர் பாட்டி. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கையை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று சொன்னோம். எண்பது வயதுக் கை நடுங்கியது. அந்த நடுக்கம் திரையில் மிக அழகாக இருந்தது. வைக்கோல் மட்டும் ஒவ்வொரு படத்திலும் தன்னிஷ்டப்படி அசைந்தது. பெட்டிக்குள் எலி ஓடுகிறதா என்று திரையிடலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

படத்தொகுப்பில் சொல்வதற்கு ஒன்றே ஒன்று. படங்களை 24 ஃபிரேம் திட்டத்தில் போட்டதும் எல்லாம் இருமடங்கு வேகத்தில் ஓடியது. வேகத்தை 50 விழுக்காடாகக் குறைத்தோம். உடனே மென்பொருள் இரண்டு படங்களுக்கு நடுவே தானாகக் கலவைப் படங்களை உருவாக்கி, ராஜாவுக்கு இரண்டு தலைகள் முளைத்தன. கலக்கும் வசதியை நிறுத்தி, ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டினால் போதும் என்று மாற்றியதும் சரியானது. ராஜா ஆடும் ஒலிக்கு நிஜப் பொம்மையைப் பதிவு செய்தால் சத்தமே வரவில்லை. கொட்டாங்குச்சியில் பாதி மணல் நிரப்பி, மொசைக் தரையில் ஆட்டிப் பதிவு செய்தான் நண்பன். 12 படங்களுக்கு ஒரு ஆட்டம் என்று அட்டவணை இருந்ததால், ஒலியைப் பொருத்துவது அரை மணி நேர வேலை.

பொம்மைகள், எம்-சீல், போல்ட், விளக்குகள், துணி, பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 2,340 ரூபாய். அறுக்காத ராஜாவைப் பாட்டிக்கே கொடுத்துவிட்டோம். அடுத்த கொலுவில் மூன்றாம் படியில் நிற்பார். முதுகில் போல்ட்டோடு இருப்பவர் என் மேசையில் இருக்கிறார். அடியில் எடை இல்லாததால் நிமிர்த்தி வைத்தால் நிற்பதில்லை, எந்நேரமும் படுத்தே கிடக்கிறார்.